அறிவின் அளவைகள்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் இருக்கிறது காஹாங். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். சற்றுத் தள்ளி எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகும் வழி. தோட்டமும் காடும் அடுத்தடுத்து இருக்கிற ஊரில் யானை இறங்குவது புதுமை அன்று. இன்றைய உரையை அந்த யானையிலிருந்தே தொடங்குவோம்.

விடியற்காலை நேரம். பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருக்கிறார்கள். மேட்டுப் பக்கத்து நிரையில் யானை நிற்கிறதாம் என்று பேச்சு நடக்கிறது. ஒருவர் சொல்கிறார்: "நான் என் கண்ணாலேயே பார்த்தேன் அண்ணே, முந்தாநாள் ராத்திரி." அடுத்தவர் சொல்கிறார்: "நான் யானையைப் பார்க்கலே. ஆனா இப்போதான் அந்தப் பக்கமா வந்தேன். இளங்கன்றெல்லாம் பிடுங்கிக் கிடக்கு. லத்தி சூடு ஆறாமக் கிடக்கு." மூன்றாமவர் சொல்கிறார்: "எங்க மச்சான் சொன்னாரு, அது ஒண்ணு இல்லியாம், நாலாம்." தண்டல் மூவரையும் பார்த்துக் கேட்கிறார்: "சரி, இன்னிக்கு அந்த நிரைக்கு ஆள் அனுப்பலாமா, வேணாமா?"

மூன்று பேரும் "தெரியும்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மூவருக்கும் தெரிந்த வழி ஒன்றல்ல. ஒருவருக்குக் கண் சொல்லியது. ஒருவருக்குத் தடயம் சொல்லியது. ஒருவருக்கு இன்னொரு மனிதர் சொன்னார். இவற்றுள் எதை நம்பி ஆளை அனுப்புவது? தவறினால் ஓர் உயிர் போகலாம். கண்ணால் கண்டவர் பேச்சே பெரிது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அவர் கண்டது முந்தாநாள். இன்று காலை யானை எங்கே இருக்கிறது என்பதை அறியக் காணாதவர் சொன்ன சூடு ஆறாத லத்தியே சிறந்த சாட்சி.

இது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் உலகத்துத் தத்துவ ஞானிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி இதுவேதான். நமக்கு ஒன்று தெரியும் என்று எப்போது சொல்லலாம்? தெரிந்துகொள்ளும் வழிகள் எத்தனை? தெரிந்துகொள்கிற மனம் என்பது என்ன? தமிழர்கள் இந்தக் கேள்விகளை எப்படிக் கேட்டார்கள் என்பதன் வரலாற்றை இன்று பார்ப்போம். தெரிந்துகொள்ளும் வழிக்குத் தமிழர் இட்ட பெயர் அளவை. நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பாலை எடை போடுகிறோம். அறிவையும் அளந்துதான் பார்க்க வேண்டும் என்பதே அச்சொல்லின் கருத்து. வடமொழியில் இதனைப் பிரமாணம் என்பார்கள்.

முதலில் தொல்காப்பியத்தைப் பார்ப்போம். நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படும் இலக்கண நூல் அது. அதன் மரபியல் என்னும் பகுதி உயிர்களை அறிவினால் வகுக்கிறது. புல்லும் மரமும் தொடு உணர்வு ஒன்றே உடையவை. அவை ஓரறிவு உயிர்கள். நத்தை போன்றவற்றுக்குச் சுவையும் சேர்ந்து இரண்டறிவு. எறும்புக்கு மோப்பமும் சேர்ந்து மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையும் சேர்ந்து நான்கு. விலங்குக்குக் கேள்வியும் சேர்ந்து ஐந்து. மனிதனுக்கு ஆறாவதாக மனம். இன்றைய உயிரியல் இந்தக் கணக்கை அப்படியே ஏற்காது. எறும்புக்கும் கண் உண்டு என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கண், காது, மூக்கு என்று எண்ணிக்கொண்டே வந்து, அதே வரிசையில் மனத்தையும் ஓர் அறியும் கருவியாக வைத்துவிட்டார்கள். கண் நிறத்தை அறிவது போல மனம் எதை அறிகிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் வந்தவர்கள் விடை தேடினார்கள்.

அடுத்து மணிமேகலை. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய இந்தப் பௌத்தக் காப்பியத்தை அமுதசுரபிக்காகவே நாம் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். பசித்தவர்க்குச் சோறிட்ட பெண்ணின் கதை அது. ஆனால் அதன் 30 காதைகளுள் 27ஆம் காதை வேறொன்றைச் சொல்கிறது. மாதவியின் மகளான மணிமேகலை வஞ்சி நகருக்குச் செல்கிறாள். பெண்ணாகப் போனால் யாரும் தத்துவம் சொல்லமாட்டார்கள் என்று துறவியின் வடிவம் கொள்கிறாள். ஒவ்வொரு சமயக் கணக்கராகத் தேடிப் போய், "உம்முடைய கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். கணிகையர் குலத்தில் பிறந்த ஒரு பெண் ஊரிலிருந்த அறிஞர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்கிற காட்சி நம் இலக்கியத்தில் இருக்கிறது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

முதலில் அவள் சந்திப்பவர் அளவைவாதி. அவர் அறிவின் வழிகள் பத்து என்று அடுக்குகிறார். அந்தப் பத்தையும் நம் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

ஒன்று காண்டல், ஐம்பொறியாலும் நேரே அறிவது. இரண்டு கருதல், ஒன்றைக் கண்டு இன்னொன்றை அறிவது. இதற்குக் காப்பியம் காட்டும் உதாரணங்கள் காஹாங்கில் எழுதியவை போலவே இருக்கின்றன. காட்டில் பிளிறல் கேட்டால் யானை உண்டு என்று அறிவது ஒருவகை. ஆற்றில் வெள்ளம் கண்டால் மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது ஒருவகை. கருமேகம் கண்டால் மழை வரப்போகிறது என்று அறிவது ஒருவகை. மூன்று உவமம், பசுவைப் போல இருக்கும் காட்டு விலங்கே ஆமா என்று கேட்டறிந்தவன், காட்டில் அதைக் கண்டதும் இன்னதென்று அறிந்துகொள்வது. இந்த நாட்டில் செலாடாங் என்று சொல்கிறோமே, அந்தக் காட்டுமாடுதான் ஆமா. நான்கு ஆகமம், நம்பத் தகுந்த நூலால் அறிவது. ஐந்து அருத்தாபத்தி, சொன்னதிலிருந்து சொல்லாததை உணர்வது. கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்றால் தண்ணீருக்குள் அன்று, கரையில் என்று உணர்கிறோம் அல்லவா?

ஆறாவது இயல்பு, யானைமேல் இருப்பவன் கோலைக் கொடு என்றால், கீழே நிற்பவன் அங்குசத்தை எடுத்துக் கொடுப்பது. வாளி என்று ஸ்டோரில் கேட்டால் எந்த வாளி என்று நமக்குத் தெரிவதும் இதுவே. ஏழாவது ஐதிகம்; ஊர் சொல்லி வருவது. எட்டாவது அபாவம், ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லாமையை அறிவது. ஒன்பதாவது மீட்சி, இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று அறிவது. பத்தாவது உண்டாநெறி; இரும்பு தானாக நகர்ந்தால் அருகில் காந்தம் இருக்கிறது என்று அறிவது.

இந்தப் பத்துள் ஏழாவதாகிய ஐதிகத்துக்கு அளவைவாதி தரும் உதாரணம் என்ன தெரியுமா? இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வது! லயத்தில் வளர்ந்த எவருக்கும் அப்படி ஒரு மரம் தெரிந்திருக்கும். பழைய தோட்டங்களில் அந்தி சாய்ந்தால் அந்தப் பக்கம் குழந்தைகளை விடமாட்டார்கள். யார் பார்த்தார்கள் என்று கேட்டால், "சொல்லுவாங்க" என்பதே விடையாக இருக்கும். ஊர் வழக்கும் ஒரு வழி என்று அளவைவாதி அதையும் கணக்கில் சேர்க்கிறார்.

ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. அறிவு போலத் தோன்றி அறிவு ஆகாதவை எட்டு என்றும் சொல்கிறார். நம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கத் தகுந்த பட்டியல் இது. இன்னதென்று தெளியாமல் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் உணர்வது சுட்டுணர்வு. கிளிஞ்சலைக் கண்டு வெள்ளி என்று எண்ணுவது திரியக்கோடல். நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். நன்றாகப் பாராமலே கட்டையை மனிதன் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். புலி எதிரே வந்தும் புலி என்று அறியாமல் நிற்பது கண்டுணராமை. முயற்கொம்பு என்பது போல இல்லாததற்குப் பெயரிட்டுப் பேசுவது இல்வழக்கு. குளிருக்குத் தீக்காய்தல் நல்லது என்பது போல முன்பே அறிந்ததையே மீண்டும் அறிவது உணர்ந்ததை உணர்தல். பிறர் சொன்னார் என்பதற்காகக் காரணம் பாராமல் ஒன்றை மனத்தில் கொள்வது நினைப்பு.

நேயர்களே, இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. காலையில் எழுந்தால் பத்துச் செய்திகள். இந்த எண்ணெயைத் தடவினால் மூட்டுவலி போகும் என்று ஒன்று. இவ்வளவு பணம் போட்டால் அடுத்த மாதம் இரட்டிப்பாகும் என்று ஒன்று. அவற்றைப் படிக்கும்போது இந்த எட்டையும் நினைத்துப் பாருங்கள். தேராது தெளிந்து பணத்தைக் கட்டியபின், திரியக்கோடல் என்று பெயர் சொல்லிப் பயன் இல்லை. கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே இருக்கும்.

மணிமேகலை கடைசியாகச் சந்திப்பவர் பூதவாதி. உலகாயதர் என்பாரும் இந்த வழியைச் சேர்ந்தவர்களே. கண்ணால் காண்பது ஒன்றே அளவை, கருதல் செல்லாது என்பது அவர் கொள்கை. மனம் என்ன என்பதற்கும் அவர் ஒரு விடை தருகிறார். ஆத்திப்பூவும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்தால், தனித்தனியே எதிலும் இல்லாத போதை பிறக்கிறது. அதுபோல மண்ணும் நீரும் தீயும் காற்றும் சேரும்போது உடம்பில் உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் போகிறது. தனியே உயிர் என்று ஒன்று இல்லை. இப்படிச் சொல்கிறார் அவர். கள்ளுக்கடை வாசலில் எத்தனையோ குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கள்ளை வைத்தே மனத்தை விளக்க முயன்ற ஒரு சிந்தனையும் இருந்தது என்பது வியப்புக்குரியது. மூளையில் நடக்கும் வேதியியல் மாற்றங்களால் மனத்தை விளக்க முயலும் இன்றைய அறிவியலாளர் சிலரை அந்தப் பூதவாதியின் தூரத்து உறவினர் என்று சொல்லலாம்.

அதற்கு மணிமேகலை என்ன சொன்னாள்? நகைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். இவர்தாம் உன் தாய், இவர்தாம் உன் தந்தை என்று நீ எப்படி அறிந்தாய்? நீ பிறந்ததை நீ கண்டாயா? கருதலால் அல்லவா அறிந்தாய்? கண்டது மட்டுமே அறிவு என்றால் பெற்றோரையும் அறிய முடியாது என்பது அவள் வாதம். பெரிய கொள்கை ஒன்றை வீட்டுக்குள்ளிருக்கும் ஒரு செய்தியால் மடக்கிவிட்டாள்.

பிறகு அவள் காஞ்சிபுரம் செல்கிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த அளவை நூலைக் கற்பிக்கிறார். பத்து வேண்டாம், காண்டலும் கருதலும் ஆகிய இரண்டே போதும். மற்றவை கருதலுக்குள் அடங்கும் என்கிறார். ஒரு கருத்தை நிலைநாட்டும் முறையையும் சொல்லித் தருகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. சொல்ல வந்ததைச் சொல், காரணம் காட்டு, எல்லாரும் அறிந்த உதாரணத்தால் உறுதிப்படுத்து. இவ்வளவே.

செம்பனை வெட்டுகிறவர் ஒவ்வொரு நாளும் இதைச் செய்கிறார். குலை உயரத்தில் இருக்கிறது. ஓலை மறைக்கிறது. அவர் தரையைப் பார்க்கிறார். உதிரிப் பழங்கள் கிடக்கின்றன. குலை பழுத்துவிட்டது என்பது பக்கம். உதிர்ந்திருப்பதால் என்பது ஏது. நேற்று வெட்டிய குலைகளைப் போல என்பது திட்டாந்தம். அவர் தர்க்கம் படித்ததில்லை. ஆனால் அவர் செய்வது தர்க்கமே.

காஞ்சிக்கும் இந்தக் கலைக்கும் ஆழ்ந்த தொடர்பு உண்டு. பௌத்த அளவை நூலுக்குப் பெரிய ஆசான் திக்நாகர். அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று பௌத்த மரபு கூறுகிறது. நாலந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்ற தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் இதைக் குறித்து வைத்திருக்கிறார். மணிமேகலையின் தர்க்கப் பகுதி திக்நாகர் வழியை ஒட்டியிருப்பதால், காப்பியம் அவருக்குப் பிற்பட்டது என்று ஆய்வாளர் பலர் கூறுவார்கள். பாருங்கள், அதுவும் புகையைக் கண்டு நெருப்பை அறிகிற கருதல்தான்!

இந்த நூல் நம் கைக்கு வந்த கதையும் அறிவின் கதையே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் பேராசிரியராக இருந்தபோது மணிமேகலை ஏட்டுச் சுவடிகளைப் படித்தார். சொற்கள் தெரிந்தன, பொருள் விளங்கவில்லை. எந்தச் சமயத்து நூல் என்றே பலருக்கும் தெரியவில்லை. பௌத்தம் தமிழ்நாட்டில் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பிறகு ரங்காசாரியார் என்ற அறிஞர் இது பௌத்த நூல் என்று அறிந்து சொன்னார். தமிழில் அவ்வளவு பெரிய புலவர், தமக்குத் தெரியாததை அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். 1898ஆம் ஆண்டில் மணிமேகலை அச்சாகி வெளிவந்தது. "எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்" என்று சொல்லத் தெரிந்ததால் கிடைத்த செல்வம் அது.

13ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் சிவஞானபோதம் என்னும் நூலைச் செய்தார். மொத்தம் 12 சூத்திரங்களே கொண்ட சிறிய நூல். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதை விரித்துச் சிவஞான சித்தியார் செய்தார். வயதில் மூத்தவராகிய அருணந்தி, இளைஞராகிய மெய்கண்டாரைச் சோதிக்க வந்து, அவரிடமே மாணவரானார் என்று மரபு கூறும். பெரியவர் சிறியவரிடம் கற்பதில் இழுக்கில்லை என்பதை அந்த நாளிலேயே ஒத்துக்கொண்டார்கள்.

அருணந்தி தம் நூலின் தொடக்கத்திலேயே அளவையைப் பற்றிப் பேசுகிறார். பத்து என்று சொல்வார்கள். ஆயினும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் எல்லாம் அடங்கும் என்று முடிக்கிறார். கண்டது, கருதியது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டது. பெரட்டில் நின்ற மூவரையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூவரும் அந்த மூன்று அளவைகளே.

மனத்தைப் பற்றியும் சைவ சித்தாந்தம் நுட்பமாகப் பேசியது. நாம் "என் கை", "என் உடம்பு" என்கிறோம். "என் வீடு" என்கிறவன் வீடு ஆகமாட்டான். அதுபோல "என் உடம்பு" என்கிறவன் உடம்பு அல்லன் என்பது மெய்கண்டார் காட்டும் காரணங்களுள் ஒன்று. சரி, மனம்தான் நாமா? அதுவும் இல்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கும் உள்ளே இருந்து வேலை செய்யும் கருவிகள்; அரசனுக்கு அமைச்சர்கள் போல. அரசன் உயிர். இந்த முடிவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் சாத்திரம் சொல்கிறது, நம்பு என்று மட்டும் சொல்லாமல், காரணம் காட்டி, எதிரியின் கேள்வியையும் எடுத்துச் சொல்லி, விடை கூறிய முறையை நாம் கவனிக்க வேண்டும்.

இனி மேல்நாட்டைச் சற்றுப் பார்ப்போம். கிரேக்க நாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய மெனோ என்னும் உரையாடலில் ஒரு காட்சி வருகிறது. சாக்ரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனை அழைக்கிறார். அவன் கணிதம் கற்றதே இல்லை. மணலில் ஒரு சதுரம் போட்டது போல வைத்துக்கொள்ளுங்கள்; பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. இதைப் போல இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? சிறுவன் 4 அடி என்கிறான். அப்படியானால் பரப்பு 16 ஆகிவிடுகிறது. பிறகு 3 அடி என்கிறான். அது 9. "எனக்குத் தெரியவில்லை" என்று நிற்கிறான். சாக்ரட்டீஸ் மேலும் கேட்கக் கேட்க, மூலைக்கு மூலை போடும் கோட்டின்மேல் சதுரம் அமைத்தால் பரப்பு 8 ஆகும் என்று தானே கண்டுகொள்கிறான். அறிவு முன்பே உள்ளே இருந்தது, கேள்வி அதை எழுப்பியது என்பது சாக்ரட்டீஸின் விளக்கம். விளக்கம் சரியோ தவறோ, அடிமையின் மகனுக்கும் பிரபுவின் மகனுக்கும் அறியும் ஆற்றல் ஒன்றே என்பதை அந்தக் காட்சி உலகத்துக்குக் காட்டிவிட்டது.

பிரான்சு நாட்டு டேக்கார்ட் 1641ஆம் ஆண்டில் எழுதிய நூலில் எல்லாவற்றையும் ஐயுற்றுப் பார்த்தார். ஐயுறுகிற நான் ஒருவன் இருப்பதை மட்டும் ஐயுற முடியாது என்று கண்டார். மனம் வேறு, உடம்பு வேறு என்றார். இங்கிலாந்தின் ஜான் லாக் 1690இல், குழந்தையின் மனம் எழுதாத வெள்ளைத்தாள், அனுபவமே அதில் எழுதுகிறது என்றார். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட நூலில், இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார். நம் உலகாயதர் கருதலை எதிர்த்துக் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுதான்.

ஹியூம் கேள்வியை ஏட்டுக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. வடிந்துவிட்டது, இனி வராது என்று வீடு திரும்பியவர்கள் உண்டு. 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம் வந்தது. "இத்தனை வருசம் இங்கே ஏறாத தண்ணி இப்போ ஏறவா போகுது?" என்பது ஒரு கருதல். ஆனால் அது ஏது குறைந்த கருதல்.

ஜெர்மனியின் கான்ட் 1781இல் இரு தரப்பையும் சேர்த்துச் சிந்தித்தார். அனுபவம் பொருளைத் தருகிறது. அதை ஒழுங்குபடுத்தி அறிவாக்கும் வடிவங்களை மனம் தருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு என்றார். 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கில்பர்ட் ரைல் மனத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உடம்பு என்ற இயந்திரத்துக்குள் மனம் என்ற பேய் குடியிருப்பது போல டேக்கார்ட் பேசிவிட்டார் என்று அவர் கேலி செய்தார். இன்னொன்றும் சொன்னார். 'இன்னது உண்மை' என்று அறிவது ஒருவகை அறிவு. 'இன்னபடி செய்வது' என்று அறிவது இன்னொரு வகை அறிவு. இரண்டாவதை முதலாவதாக மாற்றிச் சொல்ல முடியாது என்றார்.

இந்த இடத்தில்தான் ரைல் நம் லயத்து வாசலுக்கு வந்து நிற்கிறார். பால்மரம் வெட்டும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்குடன் நிரைக்குப் போகிறார். உளி பட்டையில் இறங்குகிறது. ஆழம் குறைந்தால் பால் வராது. சற்று மிகுந்தால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்படை காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. இரண்டுக்கும் இடையில் உள்ளது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் கண்ணால் அளப்பதில்லை, கை அறிகிறது. மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி சோதித்து வகுத்தார். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த முறையைக் கோடிக்கணக்கான மரங்களில் தவறாமல் செய்து காட்டிய கைகளின் அறிவு எந்த நூலிலும் இல்லை.

அதே தாய் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறார். படிவத்தை நீட்டினால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, தோட்டத்து ஆளு" என்கிறார். பிள்ளை அருகில் நின்று அதைக் கேட்கிறது. இந்த ஒரு சொல்லுக்காகவே இன்றைய உரையைத் தொடங்கினோம். தாய் சொன்னது உண்மையன்று. அது எட்டுப் போலிகளுள் கடைசிப் போலி, நினைப்பு. பிறர் சொல்லிச் சொல்லி, காரணம் பாராமல் அவர் மனத்தில் கொண்டது அது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கையறிவு மட்டும் போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்டோரில் பால் நிறுக்கிறபோது முள் நிற்குமிடத்தைத் தொழிலாளி கண்ணால் பார்க்கலாம், அது காண்டல். ஆனால் அந்தப் பாலில் ரப்பர்ச் சத்து நூற்றுக்கு எவ்வளவு என்பதைக் கருவி பார்த்துக் கிராணி சொல்வார். அந்தக் கருவியைப் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் உரை. படிக்கத் தெரிந்தவருக்கு அதுவும் காண்டல். சம்பளச் சீட்டும் அப்படியே. ஒப்பந்தத் தாளும் அப்படியே. பிறர் சொல்லி ஏற்க வேண்டிய ஒன்றைத் தாமே பார்த்து அறியக்கூடியதாக மாற்றுவதே கல்வி செய்யும் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கு நாள் தவறாமல் போக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

முற்காலத்துத் தோட்டத்தில் "எப்படித் தெரியும்?" என்று மேலே இருப்பவரைப் பார்த்துக் கேட்பது எளிதாக இருக்கவில்லை. கேட்டால் வேலை போகலாம் என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சம் வீட்டுக்குள்ளும் வந்து, பிள்ளை கேள்வி கேட்டால் "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்கும் வழக்கமாயிற்று. கேள்வி வேறு, மரியாதைக் குறைவு வேறு. மணிமேகலை அறவண அடிகளின் காலில் விழுந்து வணங்கியவள்தான். கேள்வி கேட்பதை அவள் விடவில்லை. வள்ளுவரும் அறிவுடைமை என்ற 43ஆம் அதிகாரத்தில், யார் சொன்னாலும் மெய் எது என்று பார்ப்பதே அறிவு என்ற கருத்தை வைத்தார்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளைகளோடு ஒரு சிறு விளையாட்டு நடத்திப் பாருங்கள். இன்று கேள்விப்பட்ட ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "இது கண்டதா, கருதியதா, கேட்டதா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். கருதியது என்றால், ஏது என்ன? கேட்டது என்றால், சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு உங்களைக் கேட்கப் பிள்ளைக்கும் ஒரு முறை கொடுங்கள். பதில் தெரியாவிட்டால், சாமிநாதையரைப் போலத் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

பெரட்டில் நின்ற தண்டலுக்கு என்ன விடை என்று கேட்பீர்கள். லத்தி சூடு ஆறவில்லை. ஆள் அனுப்ப வேண்டாம். யானையை யாரும் காணவில்லை. ஆயினும் அங்கே யானை இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.